‘சீட் பெல்ட்டைப் போடுங்கள்’ என்றால் வேன் வருகிறது என்று அர்த்தமில்லை

கேள்வி கேட்ட தம்பிக்கு ஊர் பொகவந்தலாவைப் பக்கம். இப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மனேஜர் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்: அடுத்த வாரம் ஓடிட் வருகிறது, ‘ஃபாஸன் யுவர் சீட் பெல்ட்ஸ்’. தம்பி அதை வாசித்துவிட்டு, எல்லோரையும் எங்கேயோ கூட்டிப் போகப் போகிறார்கள் என்று நினைத்து, “சேர், வேன் எத்தனை மணிக்கு?” என்று பதில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை வரைக்கும் குழுவில் சிரிப்புப் படங்கள் ஓயவில்லையாம். “இதற்கு உண்மையில் என்ன அர்த்தம், நான் எங்கே பாவிக்கலாம், தமிழில் எப்படிச் சொல்வது?” என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். ‘இனி ஆட்டம் பலமாக இருக்கப் போகிறது, தயாராக உட்காருங்கள்’ என்பதுதான் அர்த்தம். வாகனமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஓடிட்காரர்கள் வந்து பழைய கோப்பு எல்லாவற்றையும் கிளறப் போகிறார்கள், நித்திரை கெடும், ஆனாலும் கடந்து போய்விடும் என்று மனேஜர் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பு முக்கியம். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பேச்சு காரிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, விமானத்திலிருந்து வந்தது. 1910-இல் அமெரிக்க இராணுவத்தில் பெஞ்சமின் ஃபுலோய் என்று ஓர் அதிகாரி ரைட் சகோதரர்களின் விமானத்தை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அந்தக் கால விமானத்துக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. காற்று ஒரு தூக்குத் தூக்கினால் ஓட்டுகிறவர் வெளியே. அவர் குதிரைச் சேணம் தைக்கிற இடத்தில் ஒரு தோல் வாரைத் தைத்து வாங்கித் தன்னை ஆசனத்தோடு கட்டிக்கொண்டார். பெல்ட் முதலில் வந்தது மோதலுக்குப் பயந்து அல்ல, குலுக்கலுக்குப் பயந்து. இன்றைக்கும் அந்தச் சொற்றொடரின் பின்னால் வருவது குலுக்கல்தான். யாரும் ‘பெல்ட்டைப் போடுங்கள், மோதப் போகிறோம்’ என்று சொல்வதில்லை.

பிறகு பயணிகள் விமானம் வந்தது, தலைக்கு மேலே விளக்கு வந்தது, ‘டிங்’ என்ற சத்தத்தோடு அந்த வாசகம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1950-இல் வந்த ‘ஆல் அபவுட் ஈவ்’ என்ற ஆங்கிலப் படத்தில் நடிகை பெட்டி டேவிஸ் ஒரு விருந்தின் நடுவே அந்த வாசகத்தை எடுத்து, இன்றைய இரவு குலுக்கலாக இருக்கப் போகிறது என்று சேர்த்துச் சொல்வார். அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டிருக்கிறது, யாரோ வாங்கிக்கட்டப் போகிறார்கள் என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். இந்தச் சொற்றொடரை வாகனத்திலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வரியில் இருப்பது இரவு. ஆனால் ஊரெல்லாம் அதைப் ‘பயணம்’ என்று மாற்றித்தான் சொல்கிறார்கள். அந்த வருடம் காரில் பெல்ட் என்பது அபூர்வம். இப்போது நாம் தோளுக்குக் குறுக்கே போடுகிற மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ கம்பனியின் நில்ஸ் போலின் 1959-இல்தான் செய்தார். சட்டம் இன்னும் பிந்தியது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் முன் ஆசனத்துக்குக் கட்டாயமானது 2011-இல். ஆக, கொழும்பு மனேஜர் சொன்ன வார்த்தைக்கு நம்முடைய சட்டத்தைவிட வயது அதிகம்.

சரி, எங்கே பாவிக்கலாம்? இதில்தான் பலருக்கும் சறுக்குகிறது. எனக்கும் சறுக்கியிருக்கிறது.

இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். பெரும்பகுதி தோட்டப் பாடசாலைகளில், மிச்சம் ஹட்டனில் டியூஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாடசாலையின் ஆங்கில தினத்துக்கு என்னை அறிவிப்பாளராகப் போட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம். மேடையில் கல்வி அதிகாரி ஒருவர், பக்கத்தில் அதிபர், முன்வரிசையில் பெற்றோர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அன்றைக்கே கொட்டிவிட வேண்டும் என்ற வேகம். அதிகாரியைப் பேச அழைக்கும்போது, “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், ஃபாஸன் யுவர் சீட் பெல்ட்ஸ்!” என்று முழங்கிவிட்டேன். பின்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த இரண்டு ஆசிரியைமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி எழுந்து மைக்கைப் பிடித்து, என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ‘இவருடைய பேச்சு உங்களை ஆட்டி எடுக்கப் போகிறது, தாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சபைக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன் என்பது தேநீர் இடைவேளையில்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு எனக்குக் கொடுத்த ரோல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

இது ஸ்டியரிங் பிடித்திருப்பவன் சொல்கிற வார்த்தை. முன்னால் என்ன வளைவு வருகிறது என்று அவனுக்குத் தெரியும், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் வகுப்பில் ஆசிரியர் சொல்லலாம்: “இன்றைக்கு திரிகோண கணிதம் தொடங்குகிறோம், பெல்ட்டைப் போடுங்கள்.” குழுத் தலைவர் குழுவுக்குச் சொல்லலாம். கதை சொல்கிறவர் கேட்கிறவருக்குச் சொல்லலாம். கடைசி ஓவரில் பன்னிரண்டு ஓட்டம் தேவை என்றால் வர்ணனையாளர் சொல்லலாம். தம்பி, நீங்கள் மனேஜரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. சொன்னால், ‘வண்டியை நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள்’ என்று அர்த்தமாகிவிடும்.

உண்மையான கட்டளையா, பேச்சு வழக்கா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. வாக்கியத்தில் ‘ப்ளீஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். விமானப் பணிப்பெண் சொல்லும்போது அநேகமாக ‘ப்ளீஸ்’ இருக்கும், பின்னால் ஆசனத்தை நிமிர்த்துங்கள், மேசையை மடியுங்கள் என்று வேறு வேலைகளும் வரும். மனேஜர் சொல்லும்போது ‘ப்ளீஸ்’ இல்லை, முன்னாலோ பின்னாலோ ஒரு செய்தி ஒட்டிக்கொண்டிருக்கும்: ஓடிட் வருகிறது, விலை ஏறப் போகிறது, புதிய டைரக்டர் வருகிறார். ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லும்போது ‘பெல்ட்’, கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும்போது ‘பெல்ட்ஸ்’. பேச்சு வழக்கில் அநேகமாகக் கூட்டம்தான்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், இது வாத்தியார் புத்தி. எழுத்தில் ‘டி’ இருக்கிறது, வாயில் வராது. ‘ஃபாஸன்’. ‘ஃபாஸ்டன்’ என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வந்து போகிறது. ‘லிஸன்’ என்கிறோமே, அதே கதைதான். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘ஃபாஸ்ட்’டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஃபாஸ்ட்’ என்பதற்குப் பழைய அர்த்தம் ‘கெட்டியாக, அசையாமல்’. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் வேகமாகத் தூங்குவதல்ல, அடித்துப்போட்டாற்போலத் தூங்குவது. வேகம் என்ற அர்த்தம் பிறகு ஏறியது. எனவே ஃபாஸன் என்றால் கெட்டியாக்கு.

தமிழுக்கு வருவோம். இங்கே நேராகப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஏனென்றால் நமக்கு வினைச்சொல் ஏராளம். பெல்ட்டைப் போடலாம், மாட்டலாம், கட்டலாம், பூட்டலாம், அணியலாம். ‘மாட்டு’ என்ற சொல்லில் ஒரு விளையாட்டு உண்டு. பெல்ட்டை நீ மாட்டவில்லை என்றால் பொலிசிடம் நீ மாட்டிக்கொள்வாய். அரசாங்கத் தமிழோ ‘ஆசனப்பட்டி அணியவும்’ என்கிறது. அணி என்றால் நகை அணிவது, மாலை அணிவது. சிங்களத்திலும் அப்படியே, ‘ஆசன பட்டி பளந்தின்ன’. அந்த ‘பளந்தின்ன’வும் நகைக்கும் மாலைக்கும் வருகிற சொல்தான். இரண்டு மொழியும் சேர்ந்து நம் சாரதிமாரை மாப்பிள்ளையாக்கப் பார்க்கின்றன. சாரதிமார் அசையவில்லை. அவர்கள் “பெல்ட்ட போடுங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் ‘சீட் பெல்ட்டைப் போடுங்கள், ஓடிட் வருகிறது’ என்று தமிழில் சொன்னால் நம் ஆட்களுக்குப் பாதிதான் ஏறும். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் சிலர் இதற்கு ‘வரிந்து கட்டிக்கொள்ளுங்கள்’ என்று போடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அர்த்தம்தான் நேர் எதிர்.

என் அம்மாயி கொழுந்தெடுக்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலை லயத்து வாசலில் நின்று, சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிச் செருகி, அதற்கு மேலே படங்கை இடுப்பைச் சுற்றி வளைத்து, ஒரு கயிற்றை எடுத்து இரண்டு சுற்று சுற்றி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு முடிச்சுப் போடுவார். முடிச்சுப் போட்ட பிறகு இரண்டு கையாலும் இடுப்பை ஒரு தட்டுத் தட்டுவார். தேயிலைச் செடியின் வாது குத்தாமல் இருக்கவும், பனித் தண்ணீர் சேலையில் இறங்காமல் இருக்கவும் அந்தப் படங்கு. அதுதான் வரிந்து கட்டுவது. வரிந்து கட்டுகிறவர் வேலைக்கு இறங்கப் போகிறார், மலை ஏறப் போகிறார், சில வேளை சண்டைக்கும் போகப் போகிறார். சீட் பெல்ட் கட்டுகிறவர் எங்கேயும் இறங்கப் போவதில்லை. அசையாமல் உட்காரத்தான் அவர் கட்டுகிறார். ஒன்று எழும்புவதற்குக் கட்டுகிற கட்டு, மற்றது எழும்பாமல் இருப்பதற்குக் கட்டுகிற கட்டு. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் மனேஜர் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னது ‘பாயுங்கள்’ என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் சரியான தமிழ் எது? ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், தம்பிக்குத் தெரியாததல்ல. டிக்கோயா தாண்டி வளைவுகள் தொடங்கும்போது கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே தலையை உள்ளே நீட்டி, “கெட்டியா புடிச்சுக்குங்க! அம்மா, அந்தப் பைய மடியில வைங்க!” என்பார். அடுத்த மூச்சில் சிங்களத்தில் “ஹொந்தட்ட அல்லகன்ன!” இரண்டு மொழியிலும் பிடிப்பதுதான், கட்டுவதல்ல. பயணிகளுக்குப் பெல்ட் இல்லாத பஸ்ஸில் ஆயுள் முழுக்கப் பயணம் செய்த சனங்களுக்குப் பெல்ட் எப்படிப் பழமொழியாகும்? நமக்குக் கம்பிதான் பெல்ட். எனவே மனேஜரின் வரியை நான் தமிழாக்கினால் இப்படித்தான் எழுதுவேன்: “அடுத்த வாரம் ஓடிட். எல்லாரும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.” மலையகத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதில் அந்தச் சிரிப்பும் இருக்கிறது, முன்னால் வளைவு இருக்கிறது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

இந்த வார்த்தைக்கு நம் ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு, எந்த அகராதியிலும் கிடைக்காது. வெளிநாடு போகிற ஆளை ஏற்றிக்கொண்டு இரவில் கட்டுநாயக்கவுக்கு வேன் புறப்படும். கினிகத்தேன இறக்கம் முழுவதும் முன் ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் இல்லாமல் கண்ணயர்ந்து வருவார், சாரதி ஒன்றும் சொல்ல மாட்டார். எதிரே வருகிற லொறி இரண்டு தரம் லைட்டை வெட்டிவிட்டுப் போனதும், “அண்ணே, பெல்ட்ட போடுங்க” என்பார். வளைவுக்காக அல்ல. முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். டவுன் தாண்டினதும் அந்தப் பெல்ட் மறுபடி சுருண்டு தன் இடத்துக்குப் போய்விடும். இந்த அர்த்தத்தை எண்ணிச் சிரிக்கலாம், ஆனால் எனக்கு இப்போது சிரிப்பு அவ்வளவு வருவதில்லை. 2025 மே 11 விடியற்காலை கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த றோட்டில் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு. அந்த வருடம்தான் பஸ் சாரதிகளுக்கும் பெல்ட் கட்டாயம் என்றானது.

எங்கே பாவிக்கவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உயிர் போகிற விஷயத்துக்குப் பாவிக்காதீர்கள். சாவு வீடு, வேலை நீக்கம், ஒருவருக்குப் பெரிய வியாதி, இதற்கெல்லாம் இந்த வார்த்தை வந்தால் கேலி செய்கிற மாதிரி இருக்கும். முக்கியமாக மழைக்கும் மண்சரிவுக்கும். பெரிய மழை அறிவிப்பு வந்தால் ஆங்கிலத்தில் இதைப் போட்டுப் பகிர்கிறவர்கள் உண்டு. சமவெளியில் அது வெறும் விளையாட்டு. மலைநாட்டில் அப்படியில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. சீட் பெல்ட் வார்த்தை சொல்வது என்ன? உட்கார்ந்த இடத்திலேயே இரு, குலுங்கி அடங்கிவிடும் என்று. சிவப்பு எச்சரிக்கை சொல்வது எழும்பி ஓடு என்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்ததைப் பார்த்த பிறகு, இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் பக்கத்து வீட்டுப் பெல்ட்டுகளும் சில இருக்கின்றன, அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘பக்கிள் அப்’ என்றால் இதே அர்த்தம்தான், அமெரிக்கக்காரர் வாயில் அதிகம், கொஞ்சம் தோழமையானது. ‘பக்கிள் டவுன்’ என்றால் உட்கார்ந்து வேலையைப் பார். வெறும் ‘பக்கிள்’ என்றால் கால் மடங்கிச் சரிந்து போவது. ‘பெல்ட் அப்’ என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் பெல்ட் போடச் சொல்லியும் இருக்கலாம், வாயை மூடு என்றும் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் ‘டைட்டன் யுவர் பெல்ட்’, இது வேறு சாதி. சீட் பெல்ட் அல்ல, காற்சட்டை பெல்ட். சாப்பாடு குறைந்து வயிறு ஒட்டினால் பெல்ட்டை இன்னொரு ஓட்டைக்கு இறுக்க வேண்டும் அல்லவா, அதுதான் சிக்கனம். 2022-இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது ஆங்கிலப் பத்திரிகைகள் பாவித்தது இதை. நம் சனங்களுக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று லயத்தில் எந்த அம்மாவும் சொல்வார். உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார்.

இனி, மனேஜருக்கு என்ன பதில் போடலாம் என்பது. வேன் கேட்டதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அடுத்த தடவை அந்த வரி வந்தால் ‘ஓல் பக்கிள்ட் அப், சேர்’ என்று போடுங்கள், ‘பெல்ட்டைப் போட்டுவிட்டோம் சேர், ஓட்டுங்கள்’ என்ற மாதிரி. ஓட்டுகிற இடத்தை அவருக்கே விட்டுவிடுகிறது, சிரிப்புக்குச் சிரிப்பும் ஆயிற்று. போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே கணக்குப் பிரிவின் வவுச்சர்களைத் திகதி வரிசையில் அடுக்கி வைத்துவிடுங்கள். ஓடிட்காரர்கள் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.